சதுர அடைப்பு

பதினான்கு நாள் கழித்துப் பாம்பனில் இறங்கினேன்.
ஷேர் ஆட்டோ இல்லை.
சின்னப்பாலம் வரை நடந்தேன், கழுத்தில்
கழற்ற மறந்த அட்டையோடு: பார்வையாளர்.

கார்த்திகை வாடை. தென்கடல் அடங்கிக் கிடந்தது.
பாசிக்குப் போய்த் திரும்பிய ஏழு பேர்
விரல்துணி அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.
"என்னடி முடிவு?" என்றாள் நம்புசெல்வி,
படகுப் போட்டியில் எவன் ஜெயித்தான் என்பது போல.

என்ன சொல்ல.
முதல் ரெண்டு நாள்
எதைப் பேசுவது என்று பேசினார்கள்.
மூன்றாம் நாள், அதை எந்த வரிசையில் பேசுவது என்று.
ஆறாம் நாள் ஒரு வாக்கியம் பிறந்தது:
பூமியைச் சூடாக்கும் எரிபொருளைக் கைவிட வேண்டும்.
கைவிட என்ற சொல்லுக்கு எதிராக
ஒரு கை உயர்ந்தது.
ராத்திரி அது "குறைக்க" ஆனது.
விடிவதற்குள் "குறைப்பது பற்றிப் பரிசீலிக்க".
பிறகு அதற்கும் இருபுறம் வேலி.

கிளிஞ்சல் விளிம்பால் ஈர மணலில் வரைந்து காட்டினேன்:

[          ]

இதற்குள் போட்டால் சொல் இருக்கிறது,
ஆனால் இல்லை.
அழித்தவர் யாருமில்லை. ஏற்றவரும் இல்லை.
"நண்டுக்கூடு மாதிரி" என்றாள் இருளாயி.
நண்டுக்கூட்டுக்கு உள்ளே போகவாவது வழி உண்டு, என்றேன்.

அந்த ஆள் கத்தினானா என்று கேட்டார்கள்.
ஒருமுறைகூடக் குரல் உயரவில்லை.
நன்றி தலைவர் அவர்களே என்று தொடங்குவார்,
நன்றி தலைவர் அவர்களே என்று முடிப்பார்,
நடுவே ஒரு காற்புள்ளி இடம் மாறியிருக்கும்.
விஞ்ஞானிகளின் அறிக்கையை "வரவேற்கிறோம்" என்றிருந்தது.
"குறித்துக்கொள்கிறோம்" என்று திருத்தக் கேட்டார்:
வாசலில் வந்து நிற்கிறவரை
உள்ளே கூப்பிடாமல்
பெயரை மட்டும் எழுதிக்கொள்கிற மாதிரி.
பின்வரிசையில் இருந்தவர்கள் அவருக்குத் துண்டுச்சீட்டு நீட்டினார்கள்.
அவர்கள் அட்டையில் ஒரு நாட்டின் பெயர்,
சட்டைப்பையில் எண்ணெய்க் கம்பெனிப் பேனா.

எனக்கு ரெண்டு நிமிஷம் என்றார்கள், அதை ஒன்றாக்கினார்கள்.
"போன சித்திரையில் எங்கள் பார்" வரைக்கும் சொன்னேன்.
மைக் அணைந்தது.

"ஒருத்தர் மாட்டேன்னா அம்புட்டும் நின்னுருமா?"
ஆமாம். எல்லோரும் சரி என்றால்தான் சரி.

அப்போது நாங்கள் எல்லோரும்
முத்துராக்கைப் பார்க்காமல் இருந்தோம்.
மாதம் பன்னிரண்டு நாள்தான் பாசி எடுப்பது,
மிச்ச நாள் பார் மூச்சு விடட்டும் என்று
கூடிப் பேசிய வருஷம்
நாலு மாசம் அதை நிறுத்தி வைத்தவள்.
ஒரு கூட்டம் தவறாமல் வந்தாள்.
ஒரு கூட்டம் தவறாமல் மாட்டேன் என்றாள்.

"எனக்குக் குழுக்கடன் இருந்துச்சு" என்றாள், மணலைப் பார்த்தபடி.
"வாரம் எழுநூத்தம்பது. எல்லார் முன்னாலயும்தான் சொன்னேன்.
தவணையைப் பிரிச்சுக் கட்டுனீக, கையெழுத்துப் போட்டேன்.
அந்தாளுக்கு என்ன கடனாம்?
கேட்டியா?"

கேட்டேன்.
கழிவறைக்குப் போகும் நடையில், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில்.
அவர் என் அட்டையை நிதானமாகப் படித்தார்.
உங்கள் கடற்கரை மிக அழகானது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், என்றார்.
லிஃப்ட் கதவு திறந்தது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
பிறகு இருளாயி, எனக்கில்லை, கடலுக்குச் சொல்வது போல:
போன சித்திரையில நம்ம பாரு
சுண்ணாம்பாட்டம் வெளுத்துச்சு. ஒம்போது மணிக்கே தண்ணி சுட்டுச்சு.
மரிக்கொழுந்து கைக்குள்ளயே கஞ்சியாப் போச்சு.
அவள் சொல்லி முடிக்க
ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"அடுத்த தடவை என்னைய அனுப்பு" என்றாள் முத்துராக்கு.
"மாட்டேங்குறவ மொகம் எனக்குத் தெரியும்.
வயித்துக்கு மாட்டேங்குறது வேற."

என் கழுத்துக் கயிற்றைக் கேட்டு வாங்கி
ஈரச் சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினாள்.
தலையில் தூக்கி நடந்தபோது
அட்டை வெளியே தொங்கி ஆடியது.